பீச் ஃபோர்க் வீட்டில் வில்டாவின் மூன்றிலொரு பங்கு

வில்டா கோரலைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் பாதி பொய். மீதியில் கொஞ்சம் நான் கிளப்பிவிட்டது. அதனால் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அது ஆரம்பித்தது என் கவுன்டரில். பத்திரத்தில் குத்தியிருந்ததும் என் முத்திரை.

என் பெயர் ரோவீனா டக்கர். ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் மாவட்டத்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். நோட்டரி முத்திரையும் வைத்திருக்கிறேன். வில்டா எங்கள் ஆபீஸ் ஆள் இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஆம்ப்ளர் டைட்டில் கம்பெனிக்கு வில்லங்கம் பார்ப்பவள். ஆனால் பகல் முழுக்க அவள் குடியிருப்பது எங்கள் பத்திர அறையில்தான். காலை எட்டரைக்கு வருவாள். காதில் பென்சில், ஸ்வெட்டர் பையில் உப்பு பிஸ்கட், கட்டைவிரலில் பக்கம் புரட்ட ஒரு ரப்பர் உறை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே கோலம்.

ஒரு வீடு கைமாறும் முன் அதை இவருக்கு விற்றது யார், அவருக்கு விற்றது யார் என்று அறுபது எழுபது வருடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய யாராவது போடாமல் விட்டிருக்கிறாரா, வரி பாக்கி, வழக்கு, வழிப் பாத்தியதை ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று துருவ வேண்டும். வில்டாவுக்கு அதில் மோப்பம் உண்டு. ஒரு பல் டாக்டர் குன்றின் மேல் வீடு வாங்கிப் பின்பக்கம் நீச்சல்குளம் கட்ட ஆசைப்பட்டார். இவள் எங்கேயோ கிடந்த 1931ஆம் வருடத்துப் பத்திரத்தை இழுத்துப் போட்டாள். பின்னால் இருக்கும் ஒரு குடும்பக் கல்லறைக்குச் சவ வண்டி போக அந்த நிலத்தில் வழி எழுதி வைத்திருந்தது. டாக்டர் குதித்தார். இவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "நீங்க குளிக்கிறப்ப பக்கத்துல பொணம் போறது உங்களுக்குப் பரவாயில்லன்னா எனக்கென்ன வந்துச்சு, தாராளமா கட்டுங்க டாக்டர்" என்றாள்.

அவள் பார்த்துச் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி முதலாளி ஆம்ப்ளர் அந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரனிடமிருந்து டைட்டில் இன்சூரன்ஸ் எழுதி வாங்குவார். தீ, வெள்ளம் என்று நாளை வரப்போவதற்கான இன்சூரன்ஸ் இல்லை அது. என்றோ நடந்து முடிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் கோளாறுக்கானது. "புத்தகத்துல இருக்கிறத நான் கண்டுபிடிச்சிருவேன். புத்தகத்துல இல்லாததுக்குத்தான் இன்சூரன்ஸ்" என்பாள் வில்டா. கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஒருத்தருக்கும் புரிந்ததில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வெள்ளிக்கிழமை வரை எனக்கும் சரியாகப் புரியவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு வீம்பு. கோரல் என்ற பெயர் வரும் கோப்பைத் தொடமாட்டாள். லைமன் கோரல் அவள் புருஷன். படகில் வேலை. 1998ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியோடு போய்விட்டான். அடுத்த வசந்தத்தில் தேவாலயத்துப் பொதுச் சாப்பாட்டில் நான் கேட்டேன், எல்லார் முன்னாலும், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "டிவோர்ஸ் பேப்பர் வந்துடுச்சு. முடிஞ்சுது" என்றாள், உருளைக்கிழங்கு சாலடை அள்ளிக்கொண்டே. அதோடு அந்தப் பேச்சு ஊரில் அடங்கிவிட்டது. கோரல் என்று கோப்பு வந்தால் அதே கம்பெனியில் வில்லங்கம் பார்க்கும் டேல் பக்கம் தள்ளிவிடுவாள்.

போன வருடம் பிப்ரவரியில் லைமன் செத்தான். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் சாப்பாடு சமைத்துக்கொண்டு போய்க் கொடுப்போம். பாத்திரம் மாறிவிடாமல் இருக்க அடியில் டேப் ஒட்டி அதில் பெயர் எழுதுவோம். லைமனுக்கான சாப்பாடெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிற்று. என் பாத்திரமும் போயிற்று. வில்டா அன்றைக்கும் எட்டரைக்கு வேலைக்கு வந்தாள். அவளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிந்துபோன உறவுக்கு என்ன துக்கம் என்று நினைத்துவிட்டோம்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கென்னா ரிக்ஸ் என்று ஒரு பெண். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், தனியாக இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள். அவள் இருந்த டிரெய்லர் வீடு நின்ற நிலத்தை யாரோ வாங்கிவிட, அன்று மதியத்துக்குள் காலி செய்தாக வேண்டும். பீச் ஃபோர்க் சாலையில் ஒரு சின்ன வீட்டுக்குப் பேசி முடித்திருந்தாள். இரண்டு மணிக்கு ஆம்ப்ளர் ஆபீசில் கையெழுத்து. வங்கி கடனுக்குச் சொல்லியிருந்த குறைந்த வட்டி அன்று மாலையோடு காலாவதி. எங்கள் அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். அதற்குள் பதிவாக வேண்டும். சாமான் ஏற்றிய வாடகை லாரி காலையிலேயே நீதிமன்றச் சதுக்கத்தில் நின்றது. மெத்தைக்கு மேல் தார்ப்பாய். மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் வில்லங்கத்தை இரண்டு வாரம் முன்பே டேல் பார்த்து முடித்துவிட்டார். பிறகு அவருக்கு இடுப்பில் ஆபரேஷன். கையெழுத்து அன்று கடைசியாக ஒரு தடவை, இந்த இரண்டு வாரத்தில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அது மட்டும் வில்டா தலையில் விழுந்தது. பத்து நிமிட வேலை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கோப்பைத் திறந்தாள். ஒரு மணிக்கு என் கவுன்டருக்கு வந்தாள். கையில் ஒரு பத்திரத்தின் நகல்.

"ரோவீனா, இது உன் முத்திரைதானே?"

பார்த்தேன். 2014. லைமன் கோரல், எர்ல் ஃபௌட்ஸ் என்பவருக்குப் பீச் ஃபோர்க் வீட்டை விற்ற பத்திரம். அது லைமனின் சித்தப்பா விட்டுப்போன வீடு. இப்போது கென்னாவுக்கு விற்பவர் இந்த ஃபௌட்ஸ்தான். ஃப்ளோரிடாவில் மகள் வீட்டிலிருந்து கையெழுத்தைத் தபாலில் அனுப்பிவிட்டார்.

"ஆமா, என்னோடதுதான்."

"இங்க இருக்கிற இந்த எழுத்து?"

விற்பவர் பெயரை அடுத்து 'மணமாகாதவர்' என்று கையால் எழுதியிருந்தது. எங்கள் மாநிலத்தில் டிவோர்ஸ் ஆனவரையும் பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். எழுத்து என்னுடையது. வக்கீல் அந்த இடத்தை மட்டும் வெற்றாக விட்டு அனுப்பியிருந்தார், நான் நிரப்பினேன்.

"அதுவும் என்னோடதுதான். ஏன்டி, கேள்வி மேல கேள்வி கேக்குற?"

அவள் முகம் வெளுத்திருந்தது. "நான் டிவோர்ஸ் வாங்கல" என்றாள்.

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. "என்ன?"

"வாங்கவேயில்ல. பாரத்த நிரப்பி மேசை டிராயர்ல வச்சேன். அவன் வந்து கேக்கட்டும், அப்புறம் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு இருந்தேன். அவன் கேக்கவேயில்ல. குடும்பக் கோர்ட்டு இதே கட்டடத்துலதான், மாடியில. இருபத்தஞ்சு வருஷமா அதுக்குக் கீழ உக்காந்து வேலை பாக்குறேன். ஏறல."

நகலை அவளிடமிருந்து பிடுங்கி அந்த வார்த்தையைத் திரும்பப் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன். மற்ற மாநிலங்கள் அநேகமாகத் தூக்கிப் போட்டுவிட்ட ஒரு பழைய சட்டத்தை ஒஹையோ இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறது. வீடு புருஷன் பேரில் மட்டும் இருந்தாலும், விற்கும்போது பெண்டாட்டியும் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லையென்றால் அவள் உரிமை அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும், வீடு எத்தனை கை மாறினாலும் சரி. புருஷன் செத்த அன்று அதற்கு உயிர் வரும். அவள் சாகும்வரை அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் அனுபவத்துக்கு. லைமன் செத்து ஒரு வருடமாகிறது. அப்படியானால் கென்னா இரண்டு மணிக்கு வாங்கப்போகும் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என் முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது.

எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது கிடைக்காது. டேல் பார்த்தார், கிடைக்கவில்லை. பத்திரம் பளிச்சென்று சுத்தமாக இருக்கிறது. அந்த ஒரு வார்த்தை பொய் என்று தெரிந்தவள் உலகத்திலேயே வில்டா ஒருத்திதான்.

"பாவி! பொய் சொல்லி வித்திருக்கான் பாரு" என்று பல்லைக் கடித்தேன்.

"அவன் உன் எதிர்ல உக்காந்தான்ல, அப்ப என்ன சொன்னான்? அப்படியே சொல்லு. மாத்தாம சொல்லு."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததும் அதுதான். நோட்டரி வேலைக்காக என் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசை எதிரே உட்கார்ந்து, லைமன் தொப்பியைக் கழற்றி வைத்தான். மணமானவரா என்று கேட்டேன். சிரித்தான்.

"'வில்டா என்ன சொல்லிட்டிருக்கா'ன்னு கேட்டான். டிவோர்ஸ் ஆயிடுச்சுன்னு சொல்றான்னேன். 'அப்படியா? எனக்கு ஒண்ணும் வரல. ஆனா அவ சொன்னா ஆயிருக்கும். பத்திர விஷயத்துல வில்டா தப்பு பண்ணமாட்டா. அப்படியே எழுது'ன்னான்."

வில்டா கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பொய் அவனோடது இல்ல. என்னோடது" என்றாள்.

எனக்கு வந்த பயத்தில் கோபம்தான் முன்னால் வந்தது. "யாரோடதா இருந்தா என்ன? வாய மூடிட்டு அந்தச் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடு. நீ வந்து என் மூணிலொரு பங்கக் குடுன்னு கேக்கப்போறியா? கேக்கமாட்ட. நீ போனதும் அந்த உரிமையும் உன்னோடயே போயிடும். யாருக்கு என்ன நஷ்டம்? வெளிய லாரியப் பாத்தியா? அந்தப் பொண்ணு மழையில நிக்கிது."

நல்லெண்ணத்தில் மட்டும் பேசினேன் என்று சொன்னால் சாமி என்னை மன்னிக்காது. விசாரிக்காமல் ஒரு வார்த்தையை எழுதி முத்திரை குத்தியவள் நான். அது வெளியே வந்தால் என் பெயரும் நாறும்.

"வாய மூடுறது சுலபம்" என்றாள் வில்டா. "எங்கம்மா கடைசி ஆறு வருஷம் தன் பேரே தெரியாம முதியோர் இல்லத்துல கிடந்தா. அவ பேர்ல எங்க என்ன இருக்குன்னு கோர்ட்டு வச்ச வக்கீல் ஒருத்தன் தோண்டித் தோண்டி எடுத்தான், இல்லத்துக்குக் கட்டறதுக்கு. நாளைக்கு எனக்கும் அப்படியாச்சுன்னா? என் வாய நான் மூடிக்குவேன். எனக்காகப் பேச வர்றவன் வாய யாரு மூடுவா? அந்தப் பொண்ணு வீட்டுக் கதவுலதான் வந்து நோட்டீஸ் ஒட்டுவான்."

அவள் கோப்பை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். குடைகூட இல்லை. நானும் கவுன்டரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

ராய்ஸ் ஆம்ப்ளர் வக்கீல். நாற்பத்தைந்து வயதுக்கு நல்ல தொப்பை, நல்ல மனசு, ரொம்பப் பயம். வில்டா அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு, "பீச் ஃபோர்க் வீட்டுல ஒரு வில்லங்கம் இருக்கு" என்றாள்.

"டேல் சுத்தம்னு எழுதியிருக்காரே?"

"புத்தகத்துல சுத்தம்தான். ஆனா 2014ல வித்தவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா, அவ கையெழுத்துப் போடல. அது எனக்கு நேர்ல தெரியும்."

அவர் கையைத் தூக்கிவிட்டார். "போதும், வில்டா. இதுக்கு மேல சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா நான் இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லியாகணும். சொன்னா, அது ஒண்ணத் தவிர மத்ததுக்குத்தான் பொறுப்புன்னு எழுதிடுவான். தெரியாம இருந்தா எல்லாத்துக்கும் சேத்து எழுதுவான். இந்த மாதிரி விஷயத்துக்குத்தானே இன்சூரன்சே இருக்கு? நாளைக்குப் பிரச்சனை வந்தா அவன் கட்டுவான். இப்ப ரெண்டு மணி ஆகப்போவுது."

நான் மனசுக்குள் அப்பாடா என்றேன். மனுஷன் எவ்வளவு அழகாக வழி சொல்லிவிட்டார்!

வில்டா கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள். "கட்டுவான், சரி. யாருக்குக் கட்டுவான்?"

அந்தத் தாளில் இரண்டு கட்டம். ஒன்று, கடன் கொடுக்கும் வங்கிக்கான டைட்டில் இன்சூரன்ஸ். வங்கி கட்டாயம் கேட்கும். இன்னொன்று, வாங்குகிறவருக்கானது. அது அவரவர் விருப்பம். முதல் கட்டத்தில் டிக். இரண்டாவது கட்டத்தில் கென்னா 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"வீடு போனா பேங்குக்கு அவன் பணம் வந்துடும். அவளுக்கு என்ன வரும்?"

ராய்ஸ் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, சின்னக் குரலில், "யாரு அந்தப் பொண்டாட்டி?" என்று கேட்டார்.

"நான்தான்."

பாவம், அவருக்கு வாயில் ஈ புகுந்தாலும் தெரிந்திருக்காது. அதே நேரம் வெளிக்கதவின் மணி அடித்தது. முன்னறைக்கு ஓடினோம், கென்னா வந்துவிட்டாள். பஸ் டிரைவர் ஜாக்கெட், நனைந்த தலை, கையில் வங்கிக் காசோலை வைத்த உறை. பின்னாலேயே பிள்ளைகளும் உள்ளே வந்து, பெஞ்சில் பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தன.

"சீக்கிரம் முடிஞ்சிடுமா மிஸ்டர் ஆம்ப்ளர்? லாரிய ஆறு மணிக்குள்ள திருப்பி விடணும்."

ராய்ஸ் வில்டாவைப் பார்த்தார். வில்டாதான் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை.

"உக்காரு கண்ணு. நீ வாங்கற வீட்டுல எனக்கு ஒரு பங்கு இருக்கு. இது எனக்கே ஒரு மணி நேரம் முன்னாடிதான் தெரியும்."

கென்னா உட்காரவில்லை. வில்டா சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது. கடைசியில் வந்த கேள்வி என் நெஞ்சில் குத்தியது.

"சரி மிஸ் வில்டா. உங்களுக்கு எவ்வளவு வேணும்? அதச் சொல்லுங்க முதல்ல. இந்த உறையில இருக்கிறதத் தவிர என்கிட்ட எதுவும் இல்ல. பதினோரு வருஷம் குளிர்காலத்துல நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணிச் சேத்தது. லாரியில இருக்கிறதெல்லாம் பழைய சாமான். வேணும்னா பூனைய எடுத்துக்கங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அப்ப எதுக்கு இதையெல்லாம் சொல்றீங்க? சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போய் சாமான இறக்கியிருப்பேன்ல?" அவள் குரல் உடைந்துவிட்டது. "பேங்க் இன்சூரன்சுக்கும் நான்தான் காசு கட்டுறேன். நான் கட்டுறது எனக்கும் சேத்துத்தானேன்னு நினைச்சேன். அதான் இன்னொண்ணு எதுக்குன்னு வேணாம்னு எழுதினேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க கண்ணு. அது பேங்குக்கு மட்டும்."

"கடவுளே" என்று கென்னா பொத்தென்று உட்கார்ந்தாள்.

"விடுதலைப் பத்திரம் ஒண்ணு எழுதினாப் போதும்" என்றார் ராய்ஸ் அவசரமாக. அவருக்கு ஒருவழியாக வக்கீல் ஞாபகம் வந்துவிட்டது. "மனைவிங்கற முறையில எனக்கு இந்த வீட்டுல இருக்கிற உரிமைய விட்டுக் குடுக்கறேன்னு வில்டா எழுதிக் குடுத்தா முடிஞ்சது. ஆனா அதையும் பதிவு பண்ணணும். புத்தகத்துல ஏறும், யார் வேணா படிக்கலாம்." அவர் வில்டாவைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

வில்டா உடனே சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள். சுவரில் கடிகாரம் இரண்டேகால் காட்டியது. கென்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாட்டேன் என்று அவள் சொன்னால் யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் அவள் பக்கம்.

மெல்ல அவள் பக்கத்தில் போனேன். "வில்டா, என்னடி?"

"இருபத்தஞ்சு வருஷத்துல அவன்கிட்டேயிருந்து எனக்கு வந்தது இது ஒண்ணுதான் ரோவீனா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அதுவும் அவனுக்கே தெரியாம வந்திருக்கு. இன்னிக்கு மதியம் வந்துச்சு, இன்னிக்கே எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. ஒரு ராத்திரிகூட வச்சிருக்க முடியல."

அவள் தோளில் கையை வைத்தேன். ஸ்வெட்டர் ஈரமாக இருந்தது.

பெஞ்சில் பூனை கத்தியது. வில்டா திரும்பிப் பார்த்தாள். சின்னப் பெண் கூடைக்குள் விரலை விட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்தான், நம்ம வீட்டுக்குப் போயிடலாம்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பத்திரத்த அடிங்க" என்றாள் வில்டா.

ராய்ஸின் காரியதரிசி விடுமுறை. நான்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ராய்ஸ் சொல்லச் சொல்ல அடித்தேன். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தேன். வீட்டின் எண், நிலத்தின் எல்லை, எல்லாம் ஏறியது. பிறகு எழுதிக் கொடுப்பவரின் பெயர். அதற்கு அடுத்து அந்த வெற்றிடம். ஒன்பது வருடம் முன்பு ஊர்ப் பேச்சை நம்பி நான் நிரப்பிய அதே இடம்.

என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை அவளையே கேட்டேன்.

"வில்டா கோரல்... இங்க என்ன போடணும்?"

பிள்ளைகளையும் சேர்த்து அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம், எல்லார் முன்னாலும் அவள் சொல்லியாக வேண்டும். வில்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விதவைன்னு போடு" என்றாள். "லைமன் கோரலின் விதவை."

நான் அடித்தேன். எழுத்து திரையில் கலங்கித் தெரிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை. போன வருடம் பிப்ரவரியில் துக்கம் விசாரிக்காமல், அவள் எதிரே நின்று ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று கேட்டவள் நான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். நான் முத்திரை குத்தினேன். கென்னா தன் தாள்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கடைசித் தாள் வந்ததும் நிறுத்தினாள்.

"நான் வேணாம்னு எழுதின அந்த இன்சூரன்ஸ் இந்த மாதிரி விஷயத்துக்குத்தானா?"

"இதே மாதிரி விஷயத்துக்குத்தான்" என்றாள் வில்டா. "வில்லங்கம் எப்பவும் என்னை மாதிரி நேர்ல வந்து நின்னு சொல்லாது, கண்ணு."

"அதையும் சேத்துடுங்க மிஸ்டர் ஆம்ப்ளர். ஒரு தடவ கட்டினாப் போதும்ல? கட்டிடறேன்."

மூன்றே முக்காலுக்கு நான் தெருவில் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடியதை ஊரே பார்த்துச் சிரித்தது, சிரிக்கட்டும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு இரண்டு பத்திரமும் பதிவாயிற்று. முதலில் வில்டாவின் விடுதலை, அடுத்து கென்னாவின் கிரயம். பதிவுக் கட்டணத்தை வில்டா தன் பர்ஸிலிருந்து கொடுத்தாள். வேண்டாம் என்று ராய்ஸ் சொன்னதற்கு, "எங்க வீட்டுச் சாவுச் செலவு இது. நீங்க எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே பன்றித்தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒரு பாத்திரத்தில் போட்டுச் சுட்டெடுத்து, அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி, வில்டா வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான்தான் முதல் ஆள் என்று நினைத்துப் போனால், வாசல் படியில் ஏற்கெனவே நான்கு பாத்திரம். அவற்றில் ஒன்று ராய்ஸ் வீட்டிலிருந்து வந்த பீன்ஸ். எப்படி அதற்குள் ஊருக்குத் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பதிவான பத்திரம் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் நான்கு பேருக்குப் போன் செய்ததும் உண்மைதான்.

கதவைத் திறந்த வில்டா வரிசையைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஒரு வருஷம் லேட்டு" என்றாள்.

"சூடு பண்ணிக்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, கூச்சமில்லாமல், வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லைமன் மீன் வறுக்கும்போது விசிலடிப்பான் என்று சொன்னாள். எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி அவள் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

பிறகு பாத்திரங்களை உள்ளே எடுத்துப் போனோம். கடைசியில் இருந்தது பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, இன்னும் சூடாக இருந்தது. மேலே கொஞ்சம் கருகியிருந்தது, பழகாத அடுப்பில் செய்தது போல. வில்டா அதை உயரத் தூக்கி, அடியில் இருந்த டேப்பைப் பார்த்தாள். கென்னா ரிக்ஸ், 418, பீச் ஃபோர்க் சாலை, என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

பத்திரத்தைப் படிப்பதுபோல் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள்.

"பேரு, நம்பர், எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.